வாயு மூலையில் ஒரு விளக்கு

நவம்பர் 9, ஞாயிறு

லென்ஸ் கம்பெனிக்காரர் ஜனவரியில் கடைக்கு வந்து கொடுத்துவிட்டுப் போன டைரி இது. இத்தனை மாதம் அரிசி டின்னுக்கு மேல் கிடந்தது. வீடு மாறும்போது தூக்கிப் போட மனமில்லாமல் எடுத்து வந்தேன். இன்று பேச ஆளில்லை, அதனால் எழுதுகிறேன்.

நேற்று குணசுந்தரி சேலம் போய்விட்டாள். பதினான்கு வருடம் அயனாவரத்தில் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தோம். அவள் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் இருந்தாள், நான் புரசைவாக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஆக வேண்டும் என்று வீட்டில் யாரும் பெரிதாக மெனக்கெடவும் இல்லை. போன மாதம், நாற்பத்து நாலு வயதில், அவளுக்குத் திடீரென்று ஆகிவிட்டது. மாப்பிள்ளை பெயர் சம்பத். செவ்வாய்ப்பேட்டையில் பருப்பு மண்டி வைத்திருக்கிறார். முதல் மனைவி தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. கல்யாணத்துக்கு மாமியார் வரவில்லை, மூட்டு வலி என்றார்கள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இவங்க கல்யாணம் பண்ணல குணா, வீட்டுக்கு ஆள் எடுக்கிறாங்க" என்றேன். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் அவளாகவே காப்பி போட்டுக் கொடுத்தாள். அந்தப் பேச்சை மட்டும் அதற்குப் பிறகு இருவரும் எடுக்கவில்லை.

சென்ட்ரலில் வண்டி கிளம்பும் நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எழில், வானத்துல ஸ்பேஸ் ஸ்டேஷன் ஒண்ணு சுத்துது இல்ல, உள்ள ஆளுங்க இருக்காங்களே, அது வெறும் கண்ணுக்கே தெரியுமாம்டி. சென்னையில தெரியற நேரத்துக்கே சேலத்துலயும் தெரியுமாம். என்னிக்கு வருதுன்னு மெயில் வர்ற மாதிரி பேர் குடுத்து வெச்சிருக்கேன். உனக்கு அனுப்புறேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பாக்கலாம்."

"சீரியல் பாக்குற மாதிரியா?"

"சீரியல் மாதிரிதான். அங்க டிவி மாமியார் ரூம்ல இருக்காம்."

தினமும் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து சீரியல் பார்ப்பதும், அந்தக் கதாநாயகியை மாறி மாறித் திட்டுவதும்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை. அது நேற்றோடு முடிந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று இன்னும் கைக்குப் பழகவில்லை. இன்றும் மிச்சம்.

நவம்பர் 13, வியாழன்

புது வீட்டைப் பற்றி எழுதவில்லையே. வில்லிவாக்கம், இரண்டாவது மாடி, ஒரு அறை, ஒரு சமையலறை. அதற்கு மேல் மொட்டை மாடி. சுற்றிலும் இதைவிட உயரமான வீடுகள் என்பதால் வெயில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. "கிழக்கு பாத்த வாசல்மா, இந்த ரேட்டுக்கு இந்த ஏரியாவுல கெடைக்கவே கெடைக்காது" என்று புரோக்கர் சொல்லிச் சொல்லியே வாடகையை ஏற்றினார்.

கீழே குடியிருக்கும் ஓனரம்மா வாஸ்துவில் கரை கண்டவர். முதல் நாளே கையைப் பிடித்து மூலை மூலையாகக் காட்டினார். சமையல் அக்னி மூலை, தென்கிழக்கு. சாமி அலமாரி ஈசானிய மூலை, வடகிழக்கு. பாத்ரூம் வாயு மூலை, வடமேற்கு. மாடியில் தண்ணீர்த் தொட்டி கன்னி மூலை, தென்மேற்கு. "எல்லாம் கரெக்டா அமைஞ்ச வூடும்மா. இங்க வந்தவங்க யாரும் கெட்டுப்போனதில்ல" என்றார். கெட்டுப்போக என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

காலையில் ஏழரைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறேன். இதில் வாசல் எந்தப் பக்கம் பார்த்தால் என்ன?

நவம்பர் 14, வெள்ளி

கடையில் பில் போடும் பிரேமா, "இனிமே உனக்கென்னக்கா, தனிக்காட்டு ராணி" என்றாள். சிரித்துவைத்தேன்.

புருஷன் போனால் துக்கம் விசாரிக்கத் தெருவே வரும். அண்ணன் தம்பி சண்டை போட்டுப் பிரிந்தால்கூட நாலு பேர் பஞ்சாயத்துக்கு வருவார்கள். கூட இருந்த தோழி கல்யாணமாகிப் போனால் எல்லாரும் நம்மிடம் வந்து சந்தோஷம்தானே என்று கேட்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் சாயங்காலம் பூட்டைத் திறக்கும்போது உள்ளேயிருந்து "வந்துட்டியா" என்று யாரும் கேட்பதில்லை. இதை நான் யாரிடம் சொல்ல?

நவம்பர் 16, ஞாயிறு

பார்த்துவிட்டேன்!

மத்தியானமே குணா தகவல் அனுப்பிவிட்டாள். ஆறரைக்கு வடமேற்கில் தோன்றும், தென்கிழக்கே போகும், உயரம் நாற்பது டிகிரி. டிகிரி எனக்கு அத்துப்படி. பவர் சீட்டில் லென்ஸின் கோணம், ஆக்ஸிஸ் தொண்ணூறு, நூற்றெண்பது என்று தினமும் பார்க்கிறேன். வடமேற்கு என்றால் வாயு மூலை, அதாவது பாத்ரூம். மாடியில் பாத்ரூம் காற்றுக்குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் போய், அதையே குறியாக வைத்துக்கொண்டு கண்ணைச் சிமிட்டாமல் நின்றேன். எதிர்வீட்டுப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். குழாயை இப்படி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் வந்தது. சின்ன வெளிச்சம், நடுவில் சிவப்பாக விட்டு விட்டு மினுக்கியது. வலது பக்கமாகப் போய்க் கட்டிடங்களுக்குப் பின்னால் மறைந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உடனே போன் போட்டேன்.

"குணா, பாத்தியா? சிவப்பா மினுக்கிக்கிட்டே போச்சே!"

அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம். கொஞ்சம் தாமதித்துத்தான் பேசினாள். "ஆமாடி. பாத்தேன். இங்கயும் அப்படியேதான், சிவப்பா."

"மெதுவா போச்சு இல்ல?"

"மெதுவாத்தான்."

"அதுக்குள்ள ஆளு இருக்காங்கன்னா நம்பவே முடியல."

"முடியலதான். இரு எழில், அப்புறம் பேசறேன்."

எங்கோ இருநூறு மைல் தள்ளி இருக்கிறாள். ஆனாலும் ஒரே பொருளை ஒரே நேரத்தில் பார்த்தோம். இன்று சாப்பாடு இறங்கியது.

நவம்பர் 22, சனி

குணா போன் செய்தாள். படுக்கையிலேயே கிடப்பவர்களுக்கு முதுகில் புண் வராமலிருக்க நல்ல பவுடர் எது, கடைக்குப் பக்கத்து மருந்துக் கடையில் விசாரித்துச் சொல் என்றாள். யாருக்கு என்றேன். "இங்க தெருவுல ஒரு வயசானவங்க, பாவம்." விசாரித்து, நானே இரண்டு டின் வாங்கிக் கூரியரில் போட்டுவிட்டேன்.

போய் இரண்டு வாரம்தான் ஆகிறது, அதற்குள் தெருவுக்கே சேவை செய்யக் கிளம்பிவிட்டாள். இங்கே நான் ஜுரத்தில் கிடந்தபோது கஷாயம் போட மூக்கால் அழுதவள். புது ஊர், புது மனிதர்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது, எழுதினால் என்ன.

நவம்பர் 27, வியாழன்

மழை. மாவு புளித்துவிட்டது. பாதியை ஓனரம்மாவுக்குக் கொடுத்தேன்.

டிசம்பர் 3, புதன்

புயல் சின்னம், மூன்று நாளாக ஓயாத மழை. இன்று ஸ்டேஷன் வருகிற நாள். குடை பிடித்துக்கொண்டு மாடிக்குப் போய் நின்றேன். காற்றுக்குழாயே சரியாகத் தெரியவில்லை. நனைந்ததுதான் மிச்சம்.

"நீயாவது பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன்டி. இங்க மழை விட்டிருச்சு."

"சொல்லேன், எப்படி இருந்துச்சு?"

"அதே மாதிரிதான். சிவப்பா மினுக்கிக்கிட்டு. இன்னிக்கு லேசா சத்தம்கூடக் கேட்டுச்சு. உர்ர்னு." பிறகு சொன்னாள்: "எழில், அதுலேருந்து ஒருத்தர் எட்டிப் பாத்தா நம்ம ரெண்டு பேரும் ஒண்ணாவே தெரிவோமா?"

"அவ்ளோ மேலேருந்து பாத்தா சென்னையும் சேலமும் ஒரே தெருதான்."

"அப்ப சரி" என்றாள்.

எதற்குச் சரி என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். பின்னால் மணியடித்தது. எப்போது கூப்பிட்டாலும் அந்த வீட்டில் பூஜை மணி கேட்கிறது. அவ்வளவு பக்தி போலிருக்கிறது. நம் குணாவோ பிரதோஷத்துக்கும் பிள்ளையார் சதுர்த்திக்கும் வித்தியாசம் தெரியாதவள்.

டிசம்பர் 12, வெள்ளி

இன்றும் பார்த்தேன். இந்த முறை இரண்டு வெளிச்சம், ஒன்றன் பின் ஒன்றாக. குணாவிடம் சொன்னதும், "ஆமா, ரெண்டு" என்றாள். இரண்டாவது எது என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. புதிதாக ஆள் ஏற்றிப்போகிற வண்டியாக இருக்கும் என்று முடிவு செய்தோம்.

ஒன்று கவனித்தேன். முன்பெல்லாம் அவள் பேசுவாள், நான் ஊம் கொட்டுவேன். இப்போது நான் சொல்கிறேன், அவள் பின்னால் வருகிறாள். என்னிடம் பேச அவளுக்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது. நான் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள்.

டிசம்பர் 19, வெள்ளி

என் பிறந்த நாள். ஓனரம்மா கேசரி கொடுத்தார், தற்செயலாக. குணா கூப்பிடவில்லை.

டிசம்பர் 20, சனி

மத்தியானம் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. சாயங்காலம் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. பதினான்கு வருடமாக டிசம்பர் பத்தொன்பதாம் தேதி ரவா கேசரி கிளறியவளுக்கு ஒரு நாள் ஞாபகமில்லை. மண்டிக்காரர் வீட்டில் பருப்பு எண்ணுவதற்கே நேரம் போதவில்லையாக்கும்.

டிசம்பர் 26, வெள்ளி

எடுக்கவில்லை.

எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. எடுத்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. எடுக்காமலிருந்தால் அவள் கூப்பிடுவதை நிறுத்திவிடுவாள் என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.

ஜனவரி 1, வியாழன்

புது டைரி. அதே லென்ஸ் கம்பெனி, அதே சிரிக்கிற கண்ணாடிக்காரி.

குணா கூப்பிட்டதும் எடுத்துவிட்டேன். "ஹாப்பி நியூ இயர்டி. கோவமா?" என்றாள். குரல் கரகரவென்று இருந்தது. சளி என்றாள். "பொறந்த நாளுக்கு நான்..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் மணியடித்தது. "போ, போய் சாமி கும்பிடு" என்றேன். அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் கேட்டதில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வெகுநாள் கழித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

எல்லாக் குடித்தனமும் மொட்டை மாடியில் சேர்ந்து பொங்கல் வைப்பது இந்த வீட்டு வழக்கமாம். விடிவதற்கு முன்பே போய்விட்டேன். ஓனரம்மா மூன்று செங்கல் அடுக்கி, கோலம் போட்டு, கரும்பு கட்டி, வாசல் பக்கமாகப் பார்த்துப் பானையை ஏற்றியிருந்தார். அதுதானே கிழக்கு. எல்லாரும் கையைக் கூப்பி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம்.

சூரியன் எங்கள் இடது பக்கத்தில் உதித்தது.

இரண்டு கட்டிடத்துக்கு நடுவில், சிவப்பாக, ஒரு சந்தேகத்துக்கும் இடமில்லாமல். எல்லாரும் அப்படியே மெதுவாக இடது பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள். வருடா வருடம் திரும்பிப் பழக்கம் போலிருக்கிறது.

"ஓனரம்மா, சூரியன் அங்க வருதே. நீங்க இப்படிப் பாத்து வெச்சிருக்கீங்க."

"தை பொறந்தாச்சு இல்ல? சூரியன் வடக்கால திரும்பிடுவாரு. உத்தராயணம்னா இன்னான்னு நெனச்சே?"

"அதுக்காக வடக்குலயேவா உதிப்பாரு?"

"நீ கண்ணாடி விக்கிறே, உனக்கு சூரியனப் பத்தி இன்னா தெரியும்? பொங்குது பாரு, சொல்லு, பொங்கலோ பொங்கல்!"

அவர் வீட்டுக்காரர் மட்டும் கரண்டியைத் தேடுவதுபோல் அவசரமாகக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியும்!

சாயங்காலம் மறுபடி மாடிக்குப் போய் சூரியன் எங்கே விழுகிறது என்று பார்த்தேன். என் சமையலறைப் பக்கம். சந்தேகமே இல்லை. கிழக்கு பார்த்த வாசல் என்று இத்தனை பேர் வாடகை கொடுக்கும் வாசல் தெற்கே பார்க்கிறது. அக்னி மூலை தென்மேற்கு. எல்லாவற்றையும்விட, பாத்ரூம் இருப்பது சாட்சாத் ஈசானிய மூலையில்! இது தெரிந்தால் ஓனரம்மா அன்றைக்கே படுத்துவிடுவார். நான் சொல்லப்போவதில்லை.

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அப்படியானால் இரண்டு மாதமாக நான் வடமேற்கு என்று நினைத்து எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்?

ஜனவரி 17, சனி

முதலாளியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் வந்தேன். இன்று வருகிறது என்று குணா நேற்றே அனுப்பியிருந்தாள். உண்மையான வடமேற்கில் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது, அத்தனையையும் மறைத்துக்கொண்டு. அதன்மேல் சாய்த்திருந்த ஏணியை நகர்த்திவிட்டு இடுக்கு வழியாகத் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய்க் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றேன்.

வந்தது.

அது மினுக்கவில்லை. சிவப்பு இல்லை. வெள்ளை வெளிச்சம். வானத்தில் இருந்த எல்லா நட்சத்திரத்தையும்விடப் பெரிதாக, ஒரே சீராக, ஒரு சத்தமும் இல்லாமல் வந்தது. நான் நினைத்ததைவிட வேகம். மேற்கே பாடி ஏரியா வீடுகளுக்கு மேலே ஏறி, தெற்கே திரும்பிப் போய்க்கொண்டே இருந்தது. மறைய இன்னும் எவ்வளவோ வானம் மிச்சமிருந்தது. ஆனால் பாதி வழியிலேயே, அரிக்கேன் விளக்கின் திரியை யாரோ உள்ளே இறக்கியதுபோல் மங்கி, மங்கி, இல்லாமல் போயிற்று. நான் அழுதேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவ்வளவு பெரிய இருட்டில் அத்தனை தனியாக, ஆனால் உள்ளே விளக்கு எரிய, ஆட்களோடு போகிறது.

இத்தனை நாளும் என் முதுகுக்குப் பின்னால் போயிருக்கிறது. நான் மீனம்பாக்கத்து விமானங்களைப் பார்த்து மெய்சிலிர்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். குணாவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று போனை எடுத்தேன். பெயரைத் தொட்டுவிட்டேன். மணி போவதற்குள் நிறுத்தினேன்.

நான் பார்த்தது விமானம். சரி, நான் திசை தெரியாத முட்டாள்.

சேலத்தில் அவள் என்ன பார்த்தாள்?

ஜனவரி 18, ஞாயிறு

நேற்று சாப்பிடவில்லை, தூங்கவும் இல்லை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். சிவப்பா மினுக்கிச்சா என்றேன், ஆமா என்றாள். இரண்டு என்றேன், ஆமா ரெண்டு என்றாள். சத்தம் கேட்டது என்று அவளாகவே ஒன்று சேர்த்தாள். அந்தச் சத்தத்தைத் தவிர, நான் சொல்வதற்கு முன் அவள் எதையும் சொன்னதில்லை.

இன்று கூப்பிட்டேன். "நேத்து பாத்தியா?"

"பாத்தேன். நீ சொல்லு, எப்படி இருந்துச்சு?"

"இன்னிக்கு நீ சொல்லு."

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அவள் குளியலறையிலிருந்து பேசுகிறாள். எப்போதும் குளியலறையிலிருந்துதான் பேசியிருக்கிறாள். இதுகூடத் தெரியாமல் எனக்குக் காது எதற்கு?

"அதேதான்டி" என்றாள். "சிவப்பா. மினுக்கிக்கிட்டே. மெதுவா."

மணியடித்தது. நிற்காமல், கோபமாக அடித்தது. எந்தச் சாமிக்கும் யாரும் அப்படி மணியடிப்பதில்லை.

"ஆமா குணா" என்றேன். "நானும் அதேதான் பாத்தேன்."

போனை வைத்துவிட்டு, வரும் சனிக்கிழமைக்கு சேலம் வண்டியில் டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

முதலாளியிடம் குடியரசு தின விடுமுறையோடு சேர்த்து லீவு கேட்டேன். பல்வலி இன்னுமா என்றார். ஆமாம் என்றேன்.

ஜனவரி 25, ஞாயிறு, சேலம்

செவ்வாய்ப்பேட்டை லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். குணா வீட்டிலேயே தங்கச் சொன்னார்கள், படுக்க இடமில்லை என்பது எனக்கே தெரிந்தது.

நேற்று சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். கதவைத் திறந்த குணாவைப் பார்த்து, வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு நொடி நினைத்தேன். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கையெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "ஐயோ, வீடு இப்படிக் கெடக்கே" என்றாள். முதல் வார்த்தை அதுதான். பிறகுதான் கட்டிக்கொண்டாள்.

கூடத்தில் கட்டில். கட்டிலில் மாமியார். மூட்டு வலி இல்லை, இடுப்பெலும்பு உடைந்து நாலு வருடமாகப் படுக்கை. கட்டில் கம்பியில் கயிறு கட்டி ஒரு வெண்கல மணி தொங்கியது. ஜன்னலில் நான் கூரியரில் அனுப்பிய இரண்டு டின் பவுடர். ஒன்று காலி.

சம்பத் நல்ல மனிதராகவே இருக்கிறார், அதுதான் கஷ்டம். "வாங்க வாங்க, குணா உங்களப் பத்திப் பேசாத நாளில்லைங்க" என்று தானே ஓடிப்போய் முறுக்கும் மிக்சரும் வாங்கி வந்தார். "குணா இல்லீனா அம்மா இல்லைங்க. முன்னாடி வெச்ச ஆளுங்க யாரும் ஒரு மாசம் தாங்கல" என்றார், நன்றியோடு. பிறகு மண்டிக்குப் போய்விட்டார். ஆள் எடுக்கிறார்கள் என்று நான் அன்றைக்குச் சொன்னது சரியாகப் போனதில் எனக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை. தப்பாகப் போயிருக்கக் கூடாதா என்றிருந்தது.

சமையலறையில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தோம். அவள் தலை நிமிராமல், "சொல்லிடு எழில்" என்றாள்.

"என்ன சொல்ல?"

"அப்பவே சொன்னேனேன்னு சொல்லிடு. அதக் கேக்கத் தைரியமில்லாமத்தான் இத்தன நாளா உன்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"நான் என்ன சொன்னேன்? எனக்கு ஞாபகமில்ல."

வெங்காயத்தின் பெயரைச் சொல்லி இருவரும் நன்றாக அழுதோம். பிறந்த நாளன்று கேசரிக்கு ரவை வறுத்து வைத்தாளாம். மணி மேல் மணி, கிளற நேரமில்லை. வறுத்த ரவை இன்னும் டப்பாவில் இருக்கிறது. எடுத்துக் காட்டினாள். வந்துவிடு என்று சொல்லத்தான் நான் ரயில் ஏறினேன். சொன்னேன். அவள் கூடத்துப் பக்கம் பார்த்தாள். "நான் எழுந்து வந்துட்டா அவங்கள யாருடி திருப்பிப் போடுவா? அதுக்கு ஒரு வழி கெடைக்கட்டும்" என்றாள். மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. நாளைக்கு மண்டிக்கே போய் சம்பத்திடம் பேசப்போகிறேன். பொழுது சாய்ந்த பிறகாவது ஒரு ஆள் வைக்கட்டும். அவருக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

இன்று சாயங்காலம் ஸ்டேஷன் வருகிற நாள். அவள்தான் தகவல் அனுப்பியிருந்தாள், அவளே மறந்துபோய் மாமியாருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

"மாடிக்குப் போ. ஏற்காடு மலையப் பாத்து நின்னு, அதுக்கு இடது கைப்பக்கம் பாரு."

"மணியடிப்பாங்கடி."

"அடிக்கட்டும், நான் இருக்கேன்."

"அப்ப நீ? ரெண்டு பேரும் ஒண்ணா பாக்கலாம்னுதானே..."

"நான் பாத்தாச்சு. போ."

என் முகத்தையே பார்த்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு படியேறினாள். இந்த வீட்டு மாடிப்படி அவளுக்குப் புதிது என்று ஏறுகிற விதத்திலேயே தெரிந்தது.

கிழவி கஞ்சி குடிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "சம்பளத்துக்கு வந்த புள்ளையா கண்ணு?"

"இல்லைங்க. குணாவோட தோழி. மெட்ராஸ்."

"அவ எங்க?"

"மாடியில. வானத்தப் பாக்கப் போயிருக்கா."

"வானத்துல என்ன?"

"ஆளுங்க இருக்காங்க. ஒரு வீடு மாதிரி, பூமியச் சுத்திச் சுத்தி வருது."

"கீழ எறங்கவே மாட்டாங்களா?"

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா வேற ஆள அனுப்பி, இவங்கள எறக்கிருவாங்களாம்."

கிழவி ரொம்ப நேரம் கூரையைப் பார்த்தார். "அவிங்களுக்கு மாத்தாள் இருக்குது" என்றார். பிறகு, "நானும் மாடிக்குப் போயி நாலு வருசமாச்சு கண்ணு" என்றார். வாயைத் திறந்தார். ஒரு கரண்டி கொடுத்தேன், குடித்தார். கை மணிக்கயிற்றின் மேலேயே இருந்தது, ஆனால் அடிக்கவில்லை.

ஜன்னல் வழியாக ஒரு கை அகல வானம் தெரிந்தது. அதில் ஒன்றும் வரவில்லை. இந்நேரம் மலைக்கு மேலே ஏறியிருக்கும், இந்நேரம் தலைக்கு மேல், இந்நேரம் மங்கியிருக்கும் என்று மனதுக்குள் நானும் கூடவே போய்க்கொண்டிருந்தேன். மேலே ஒரு சத்தமும் இல்லை. கஞ்சி முடிந்தது. வாயைத் துடைத்துவிட்டேன்.

படியில் காலடி கேட்டது. குணா வந்து நிலைப்படியில் நின்றாள். செருப்பை மாடியிலேயே விட்டுவிட்டாள். கண் இரண்டும் நனைந்திருந்தன.

"எழில்" என்றாள். "அது மினுக்கவே இல்லடி."

"தெரியும்" என்றேன்.